உங்களுக்குத் தெரியுமா? விளையாட்டாய்க் கற்ற நிரல்

விடுமுறை வந்தால் போதும், "பையனைக் கோடிங் கிளாஸில் சேர்க்கலாமா, பொண்ணுக்கு எந்த வயசில் ஆரம்பிக்கலாம்?" என்று பெற்றோர் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும் முன் அங்கே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "முதல் வாரத்தில் என்ன விளையாட்டு எழுத வைப்பீர்கள்?" திருதிருவென்று விழித்தால் வேறு இடம் பாருங்கள். காரணம் கீழே, துணுக்குத் துணுக்காக.

● 1972-இல் அட்டாரி என்ற புத்தம்புது கம்பெனியில் ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் இன்ஜினியர் சேர்ந்தார். முதலாளி நோலன் புஷ்னெல் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். ஒரு பந்து, இரண்டு மட்டை, நடுவே ஒரு கோடு, மேலே ஸ்கோர், அவ்வளவுதான். பெரிய கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று சொல்லியே கொடுத்தார். ஆர்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. புதுப் பையன் கை பழகட்டும் என்று கொடுத்த வீட்டுப்பாடம் அது! அந்த வீட்டுப்பாடம்தான் 'பாங்'. சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் சோதனைக்காக வைத்த இயந்திரம் சில நாளிலேயே மக்கர் செய்தது. போய்த் திறந்து பார்த்தால் கோளாறு ஒன்றுமில்லை. உண்டியல் காசால் நிரம்பி வழிந்திருந்தது.

பாங்கின் மட்டைகள் திரையின் மேல் விளிம்பு வரை போகாது. மின்சுற்றில் இருந்த குறை அது. சரிசெய்தால் ஆட்டம் சுலபமாகிவிடும் என்று ஆல்கார்ன் அப்படியே விட்டுவிட்டார். இன்னொரு வேடிக்கை, பாங்கில் ஒரு வரி நிரல்கூடக் கிடையாது. எல்லாமே சில்லுகளும் கம்பிகளும்தான். ஆனாலும் இன்று நிரல் கற்கிறவர்களில் பலர் பாங்கை எழுதிப் பார்க்கிறார்கள்.

● பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்கு என்ன செய்ய வேண்டும்? சுவரை நோக்கிய அதன் வேகத்தை −1 ஆல் பெருக்கினால் போதும். "மைனஸ் நம்பரால் வாழ்க்கையில் என்ன சார் பிரயோஜனம்?" என்று பள்ளியில் கேட்டோமே, இதோ பிரயோஜனம்.

எழுதிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இங்கே ஒரு தடவை வழுக்கி விழுவார்கள். பந்து மட்டைக்குள் கொஞ்சம் புகுந்துவிட்டால், ஒவ்வொரு நொடித்துளியும் "பட்டுவிட்டது, திரும்பு" என்ற கட்டளை ஓடும். பந்து முன்னும் பின்னுமாக நடுங்கிக்கொண்டு மட்டையிலேயே பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். 'பட்டதா' என்று மட்டும் பார்த்தால் போதாது, 'மட்டையை நோக்கி வரும்போது பட்டதா' என்றும் பார்க்க வேண்டும். நிபந்தனை என்றால் என்ன என்பது அந்த நடுங்கும் பந்தைப் பார்த்த பிள்ளைக்குப் புரிகிற மாதிரி வேறெதிலும் புரியாது.

● 1 முதல் 100 வரை ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு எண் சொல்வேன்; 'கூட', 'குறைவு' என்று மட்டும் நீங்கள் பதில் சொன்னால் போதும். அதிகபட்சம் ஏழே முயற்சியில் பிடித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பதில் நடு எண்ணைச் சொல்வதுதான் சூட்சுமம். 50, பிறகு 25 அல்லது 75, இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். 1,000 வரை என்றால் பத்து முயற்சி. 10 லட்சம் வரை என்றாலும் இருபதுதான்!

அகராதியில் சொல் தேடும்போது நடுவில் பிரித்து முன்னே பின்னே போகிறோமே, அதே வித்தைதான். கம்ப்யூட்டர் உலகில் இதற்கு 'பைனரி சர்ச்' என்று பெயர். பைத்தான் என்ற நிரல் மொழியில் இந்த ஆட்டத்தை எழுத பதினைந்து வரி போதும். வேரியபிள் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்), லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை), நிபந்தனை, உள்ளீடு நான்கும் இந்தப் பதினைந்து வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஆட்டத்தைத் திருப்பி, கம்ப்யூட்டர் நினைக்கும் எண்ணை நாம் ஊகிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நாம் தட்டும் 9 என்பதை பைத்தான் எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகத்தான் வாங்கும். இரண்டு பக்கமும் எழுத்தாகவே இருந்துவிட்டால், 10-ஐவிட 9 பெரிது என்று நிரல் சாதிக்கும். அகராதி வரிசையில் 1 முன்னால், 9 பின்னால். அதன் நியாயம் அதற்கு! எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

● பேசிக் மொழி பிறந்த நேரம் 1964 மே 1, அதிகாலை 4 மணி. இடம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி. ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் அதை உருவாக்கினார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. தொட்டார்கள், தொட்டதும் விளையாட்டு எழுதினார்கள்.

அந்த விளையாட்டுகளைத் திரட்டி 1973-இல் டேவிட் ஆல் புத்தகமாகத் தொகுத்தார். 1978-இல் வந்த அதன் மறுபதிப்பு, பத்து லட்சம் பிரதி விற்ற முதல் கம்ப்யூட்டர் புத்தகம் என்று பெயர் வாங்கியது. உள்ளே வெறும் நிரல் வரிகள்தான். வாங்கியவர் வரி வரியாகத் தட்டச்சு செய்து ஆட வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் ஆட்டம் ஓடாது. தவறைத் தேடித் தேடியே ஒரு தலைமுறை நிரல் கற்றது.

● நான் கற்றது அதற்கும் வெகு பின்னால், தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில். க்யூபேசிக் மொழியில் தாயக்கட்டை மாதிரி ஒரு பகடை ஆட்டம் எழுதினேன். அழகாக ஓடியது. மறுநாள் தம்பியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மூன்று முறை ஆடிவிட்டு, "அண்ணா, அடுத்து என்ன விழும்னு நான் சொல்லட்டுமா?" என்றான். சொன்னான். சொன்னபடியே விழுந்தது! ஒவ்வொரு முறை நிரலைத் தொடங்கும்போதும் அதே எண்கள் அதே வரிசையில் வந்துகொண்டிருந்தன.

கம்ப்யூட்டருக்குக் குலுக்கிப்போடத் தெரியாது. அது கணக்குப் போட்டுத்தான் 'தற்செயல்' எண்ணைத் தருகிறது. நீங்களே காகிதத்தில் செய்து பார்க்கலாம். 7-இல் தொடங்குங்கள். 5 ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16 ஆல் வகுத்து மீதியை எடுங்கள்: 6 வரும். 6-ஐ அதேபோல் செய்தால் 1. பிறகு 8, 11, 10, 5, 12... பார்த்தால் குலுக்கியதுபோலவே இருக்கும். 16 எண்ணும் ஒரு முறை தலைகாட்டிவிட்டு மறுபடி 7-க்கே வந்து நிற்கும். தொடங்கும் எண்ணுக்கு 'விதை' என்று பெயர். விதை ஒன்றானால் விளைச்சலும் ஒன்றுதான். கடிகார நேரத்தை விதையாகக் கொடுக்கச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்தேன். தம்பியின் ஜோசியம் அன்றோடு முடிந்தது.

● பெருக்கல் குறியும் பூஜ்யமும் போட்டு நோட்டுப் புத்தகக் கடைசிப் பக்கத்தில் ஆடுவோமே, அந்த டிக்-டாக்-டோ 1952-லேயே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கேம்பிரிட்ஜில் ஏ.எஸ். டக்ளஸ் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக எழுதினார். எந்தக் கட்டம் என்பதைச் சொல்ல, விரல் விட்டுச் சுழற்றும் பழைய டெலிபோன் டயலையே பயன்படுத்தினார். ஒன்பதே கட்டம்தான்; ஆனாலும் ஓர் ஆட்டம் தொடங்கி முடிய 2,55,168 வழிகள் உண்டு. பில் கேட்ஸ் பள்ளியில் எழுதிய முதல் நிரலும் டிக்-டாக்-டோதான்.

● ஒரு விளையாட்டால் உலகம் மாறிய கதை தெரியுமா? 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் 'ஸ்பேஸ் டிராவல்' என்று ஒன்றை எழுதினார். சூரியக் குடும்பத்தில் கப்பல் ஓட்டிக் கிரகங்களில் இறக்கும் ஆட்டம். பெரிய கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஆட 75 டாலர் கணக்கில் ஏறியது. அப்படியும் திரையில் இழுத்து இழுத்துத்தான் ஓடியது. மூலையில் யாரும் அதிகம் சீண்டாமல் ஒரு பிடிபி-7 இயந்திரம் கிடந்தது. ஆட்டத்தை அதற்கு மாற்றப்போய், அந்த இயந்திரத்தின் நெளிவுசுளிவெல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று. அதே இயந்திரத்தில்தான் யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடும் லினக்ஸ் அந்த யூனிக்ஸை முன்மாதிரியாகக் கொண்டது. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸும் சின்ன வயதில் பேக்-மேன் மாதிரி ஆட்டம் எழுதிக் கை பழகியவர்தான்.

● 1978-இல் ஜப்பானில் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் மொத்தம் 55 எதிரிகள். சுடச் சுட, மிச்சமிருப்பவை வேகம் எடுக்கும். கடைசி ஒருவன் பறப்பான்! இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. 55 உருவங்களையும் வரைந்து நகர்த்தப் பாவம் அந்தச் சில்லுக்கு மூச்சு வாங்கியது. உருவங்கள் குறையக் குறைய லூப் சீக்கிரம் முடிந்து வேகம் கூடியது. எழுதிய தொமோஹிரோ நிஷிகாடோ, 'இது நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவைத்தார்.

● பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதை அழுத்தினால் வேகம் கூடும் என்றுதானே நினைத்தோம்? அது இருந்ததே வேகத்தைக் குறைப்பதற்கு! பழைய விளையாட்டுகள் கடிகாரத்தைப் பார்க்காமல், சில்லின் வேகத்தையே நம்பி ஓடின. புது கம்ப்யூட்டரில் போட்டால் கார் கண் இமைக்கும் முன் மோதிவிடும். இப்போது எழுதுகிறவர்கள் நொடிக்கு 60 முறை திரையை வரைந்து, போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்று கேட்டுக்கொண்டே உருவங்களை நகர்த்துகிறார்கள்.

● 'பேக்-மேன்' ஆட்டத்தில் 256-ஆம் நிலைக்குப் போனவர்களுக்குப் பாதித் திரை எழுத்தும் எண்ணுமாகக் குழம்பிவிடும். நிலையின் கணக்கை எட்டு பிட்டுகளில் வைத்திருந்தார்கள். எட்டு பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. ஸ்கூட்டரின் கிலோமீட்டர் கணக்கு 99999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல இங்கேயும் கணக்கு சுழன்றுவிட்டது. திரையின் அடியில் பழங்களை வரையும் பகுதி, ஏழு பழத்துக்குப் பதிலாக 256 பழம் வரையக் கிளம்பிவிட்டது!

● இனி ஆமை. 1967-இல் பிறந்த லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஜெனீவாவில் ஜீன் பியாஜேயுடன் இருந்து படித்தவர் அவர். லோகோவின் ஆமை முதலில் தரையில் ஓடும் நிஜ இயந்திரம். வயிற்றில் பேனா செருகியிருக்கும். 'முன்னே 100, வலப்புறம் 90' என்று நான்கு முறை சொன்னால் சதுரம் வரைந்துவிடும்.

சதுரம் எல்லோருக்கும் வந்துவிடும். முக்கோணம் வரையச் சொல்லிப் பாருங்கள், பலரும் 60 பாகை திருப்புவார்கள். முக்கோணத்தின் உள்கோணம் 60 என்று படித்தாயிற்று அல்லவா? ஆமை எங்கேயோ போய்விடும். பேப்பர்ட் இதற்குச் சொன்ன வைத்தியம், "நீயே ஆமையாக நடந்து பார்." நடந்தால் தெரியும், மூலையில் உடம்பு திரும்புவது 120 பாகை. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு 144. பைத்தானில் இன்றும் ஆமை இலவசமாகவே கூட வருகிறது.

புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் நம் வாசல் கோலமும் கிட்டத்தட்ட ஆமையின் வேலைதான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்கு இலக்கணம் எழுதி 1974-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் புரியும் இலக்கணம்! மார்கழியில் விடிகாலை எழுந்து கோலம் போட்ட அக்காக்களுக்குத் தாங்கள் லூப் எழுதுகிறோம் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

● எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட, பிள்ளைகளுக்கான நிரல் மொழி 'ஸ்கிராட்ச்'. அதில் உருவங்கள் ஓடும் மேடையின் அளவு 480-க்கு 360 புள்ளிகள். பூஜ்யம் நட்ட நடுவில். அதன் பூனை உருவத்தை இடப்பக்கம் நகர்த்த வேண்டுமானால் மைனஸ். பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் பைகேமுக்குப் போனால் பூஜ்யம் இடது மேல் மூலைக்கு ஓடிவிடும். ஒய் கூடினால் பொருள் கீழே இறங்கும். பழைய டிவி குழாயில் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படம் வரைந்த பழக்கத்தின் மிச்சம் அது. முதல் நாள் குழம்பாதவர் யாரும் இல்லை.

● நோக்கியா 6110 போனில் 1997-இல் வந்த பாம்பு நெளிந்து ஓடியது என்றுதானே நினைத்தீர்கள்? பாம்பு நகரவே இல்லை. தலைக்கு முன்னால் ஒரு கட்டம் சேர்த்து, வாலில் ஒரு கட்டத்தை அழித்தால் ஓடுகிற மாதிரி தெரியும். தீனி தின்றால் வாலை அழிக்காமல் விட வேண்டும், வளர்ந்துவிட்டது! 'பட்டியல்' என்ற கருத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

● 'டெட்ரிஸ்' பிறந்தது 1984-இல், மாஸ்கோவில். அலெக்சி பாஜித்னோவ் அதை எழுதப் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 கம்ப்யூட்டருக்குப் படம் வரையத் தெரியாது, எழுத்து மட்டும்தான். அடைப்புக்குறிகளை அடுக்கியே கட்டைகள் செய்தார். 'கிராபிக்ஸ் கார்டு இல்லையே' என்று வருத்தப்படுகிறவர்கள் கவனிக்க.

● 1981-இல் ஐபிஎம் பிசியோடு ஒரு விளையாட்டு வந்தது. சாலையில் போகும் கார், குறுக்கே நிற்கும் கழுதைகளை இடிக்காமல் ஒதுங்க வேண்டும். அதை எழுதிய இருவரில் ஒருவர் பில் கேட்ஸ். ஆப்பிளின் மெக்கின்டாஷ் குழுவில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு, இவ்வளவு மோசமான ஆட்டமா என்று வியந்துபோனார்களாம். உங்கள் முதல் ஆட்டம் அசிங்கமாக இருந்தால் கழுதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

● அட்டாரி அந்தக் காலத்தில் தன் விளையாட்டுகளில் எழுதியவர் பெயரைப் போடாது. கோபம் வந்த வாரன் ராபினெட், 'அட்வென்ச்சர்' ஆட்டத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறை கட்டி அதில் தன் பெயரை எழுதிவைத்தார். திறவுகோல், கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் புள்ளி. அந்த ஆட்டம் ஓடிய அட்டாரி இயந்திரத்தின் தற்காலிக நினைவகம் மொத்தமே 128 பைட்; அதற்குள்தான் இத்தனை வேலையும்! அவரே பிறகு 1982-இல், பள்ளிப் பிள்ளைகள் லாஜிக் சுற்றுகளைக் கட்டிப் பழகும் 'ராக்கீஸ் பூட்ஸ்' ஆட்டத்தைச் செய்தார். 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' மூன்றையும் வைத்தே விளையாட்டு.

● தமிழிலேயே நிரல் எழுத முடியுமா? முடியும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் திரையில் காட்ட 'பதிப்பி', தொகுதியை முடிக்க 'முடி'. எனக்குப் பிடித்தது 'ஆனால்'. ஆங்கில 'இஃப்' சொல்லை அப்படியே பெயர்த்து முன்னால் நட்டுவைக்காமல், நிபந்தனையை முதலில் எழுதி அதன் பின்னால் 'ஆனால்' போடுகிறார்கள். 'மழை பெய்தால்' என்பதில் 'ஆல்' கடைசியில்தானே வருகிறது? இலக்கணம் அறிந்து செய்திருக்கிறார்.

● நிலவில் மனிதன் இறங்கிய 1969-இலேயே, ஜிம் ஸ்டோரர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் நிலவில் கலம் இறக்கும் ஆட்டம் ஒன்று எழுதினார். எரிபொருளை அளந்து அளந்து எரித்து மெல்ல இறங்க வேண்டும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எத்தனையோ பேர் ஆடினார்கள், பிரதி எடுத்தார்கள், வேறு மொழிகளுக்கு மாற்றினார்கள். 2024-இல்தான் ஒருவர் கண்டுபிடித்தார், சூத்திரத்தில் ஓர் இடத்தில் 2 ஆல் வகுக்க மறந்திருக்கிறது என்று!

● கடைசியாக ஒரு வேலை. நம் வீட்டுப் பல்லாங்குழியை யாராவது எழுதிப் பாருங்கள். 14 குழி, 0 முதல் 13 வரை எண் கொடுங்கள். 11-ஆம் குழியில் 5 சோழி இருந்து எடுத்துப் போட்டால் 12, 13, பிறகு சுற்றிவந்து 0, 1, 2. எண்ணிப் பார்க்கவே வேண்டாம். 11-ஐயும் 5-ஐயும் கூட்டி 14 ஆல் வகுத்தால் மீதி 2, அதுதான் கடைசிச் சோழி விழும் குழி. நிரலில் ஒரே வரி.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. குழிக்கு ஐந்து சோழியா, ஆறா? நான்கு சேர்ந்தால் 'பசு' என்று யார் எடுத்துக்கொள்வது? காலிக் குழி வந்தால் என்ன? வீட்டுக்கு வீடு விதி மாறும். கம்ப்யூட்டரிடம் 'நம்ம வீட்டு வழக்கம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஒவ்வொன்றையும் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும். ஆகவே முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஆடும் விதிகளை ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம்.